மிகு முதியோரின் நோய்களும் இறப்புக் காரணங்களும்

நூறு வயதைத் தொட்டவர் இறந்துபோனால் 'என்ன நோய்?' என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லே போதும். தமிழகச் சிற்றூர்களில் அது கல்யாணச் சாவு. பேரன் பேத்திகள் சூழ மேளதாளத்தோடு எடுத்துச் செல்வார்கள். மற்ற நாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. முதுமையையே இறப்புக்குக் காரணமாக எழுதும் வழக்கம் உலகெங்கும் நெடுங்காலமாக உண்டு.

ஆனால் முதுமை ஓர் இறப்புக் காரணமா என்ற கேள்வி மருத்துவத்தில் ஐந்நூறு ஆண்டுகளாகத் தீராமல் இருக்கிறது. மிக வயதானவரின் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு நோயைக் கண்டிருக்கிறார்கள். முதுமை என்று எழுதி முடித்துவிட்ட இடங்களில் குணப்படுத்தக்கூடிய நோய்கள் மறைந்திருந்தன. சில வேளைகளில் குற்றங்களும் மறைந்திருந்தன.

இக்கட்டுரையில் 'மிகு முதியோர்' என்பது பெரும்பாலும் நூறு வயதைக் கடந்தோரைக் குறிக்கும். ஆய்வாளர்கள் 110 வயதைக் கடந்தோரைத் தனி வகையாகவே வைத்துப் படிக்கிறார்கள்.

லியனார்டோ கண்ட முதியவர்

1507-08ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இத்தாலியின் புளோரன்சு நகரில், சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு முதியவர் இருந்தார். தமக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது என்றும், உடல் தளர்ச்சியைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை என்றும் அவர் லியனார்டோ டா வின்சியிடம் சொன்னார். சில மணி நேரத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடியே எந்த வேதனையும் காட்டாமல் உயிர் விட்டார். இவ்வளவு இனிய சாவுக்கு என்ன காரணம் என்று அறிய விரும்பிய லியனார்டோ அவ்வுடலை அறுத்து ஆராய்ந்தார்.

இதயத்துக்கும் உடலின் கீழ்ப்பகுதிகளுக்கும் இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் சுருங்கி வாடியிருந்ததை அவர் கண்டார். அதே காலத்தில் ஓர் இரண்டு வயதுக் குழந்தையின் உடலையும் ஆராய்ந்து இரண்டையும் ஒப்பிட்டார். முதியவரின் குழாய்ச் சுவர்கள் தடித்து உள்வழி குறுகியிருந்தன. குழந்தையிடம் இதற்கு நேர்மாறு. இன்று நாம் தமனித் தடிப்பு என்று சொல்வதன் மிகப் பழைய விவரிப்பு இதுவே எனலாம். மருத்துவப் பட்டம் எதுவும் பெறாத ஓர் ஓவியர் இதைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அக்குறிப்புகள் நூற்றாண்டுகள் வரை அச்சேறவில்லை. ஆகவே மருத்துவ உலகுக்கு அவற்றால் உடனடிப் பயன் எதுவும் கிட்டவில்லை.

தாமஸ் பார்: வயதே ஐயத்துக்குரியதானால்

அடுத்த புகழ்பெற்ற நிகழ்வு இங்கிலாந்தில் நடந்தது. சுரோப்சயர் பகுதியைச் சேர்ந்த தாமஸ் பார் என்ற உழவர் 1483இல் பிறந்தவர் என்றும் 152 வயது ஆனவர் என்றும் சொல்லப்பட்டது. அரண்டேல் பிரபு அவரை 1635இல் இலண்டனுக்கு அழைத்துவந்து மன்னர் முதலாம் சார்லசுக்குக் காட்டினார். சில வாரங்களில் பார் இறந்தார். உடலை ஆராய்ந்தவர் இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி. நுரையீரல்களில் இரத்தம் தேங்கியிருந்தது. மற்ற உறுப்புகள் நல்ல நிலையில் இருந்தன. தூய காற்றிலும் எளிய உணவிலும் வாழ்ந்தவரை இலண்டனின் புகையும் கொழுத்த விருந்தும் கொன்றுவிட்டன என்பதே ஹார்வியின் முடிவு. பார் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஹார்வியின் குறிப்பில் ஒரு செய்தி பின்னாளில் கவனத்துக்கு வந்தது. விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள் கெட்டிப்படாமல், வளையும் தன்மையோடு மென்மையாக இருந்தன. 152 வயது உடலில் அப்படி இருப்பது அரிது. பாருக்கு உண்மையில் அதில் பாதி வயதுகூட ஆகாமல் இருந்திருக்கலாம். 1873இல் வில்லியம் தாம்ஸ் என்பவர் இத்தகைய நீண்ட ஆயுள் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிறப்புப் பதிவு எங்கே என்று கேட்டார். பெரும்பாலான கதைகள் அந்தக் கேள்விக்கு முன் நிற்கவில்லை. 'நாட்டார் வழக்காற்றியல்' என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவரும் இந்தத் தாம்ஸ்தான்.

மிகு முதியோரின் நோய்களைப் பற்றிப் பேசுமுன் அவர்கள் உண்மையில் மிகு முதியோர்தாமா என்று உறுதி செய்வது இதனால்தான் முதல் வேலை ஆகிறது. பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் பரவாத இடங்களில் இது எளிதன்று. 1924 காவிரிப் பெருவெள்ளத்தின்போது கைக்குழந்தை என்று ஒருவரைப் பற்றி வீட்டார் சொன்னால் அது நல்ல சான்றுதான். ஆனால் அந்தக் கைக்குழந்தை அவர்தானா, அவருக்கு முன் பிறந்து இறந்த அண்ணனா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமின்றி மிக அதிகமான ஆவணங்களோடு சரிபார்க்கப்பட்டவராகப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பவர் பிரான்சின் ஆர்ல் நகரைச் சேர்ந்த ழான் கால்மான். 1875 பிப்ரவரி 21இல் பிறந்து 1997 ஆகஸ்ட் 4இல் இறந்தார். வயது 122 ஆண்டுகள் 164 நாள்கள். அவரது இறப்புக்குக் குறிப்பான காரணம் எதுவும் அறிவிக்கப்படவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள்

பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் வாராவாரம் இறப்புப் பட்டியல் வெளியிடப்பட்டது. யாராவது இறந்தால் 'தேடுவோர்' எனப்பட்ட வயதான பெண்கள் வீட்டுக்குப் போய் உடலைப் பார்த்து, அண்டை அயலாரிடம் கேட்டு, காரணத்தைச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் 'முதியவர்' என்பதும் ஒரு காரணம். துணி வணிகரான ஜான் கிராண்ட் இருபது ஆண்டுப் பட்டியல்களைத் தொகுத்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர் மட்டுமே முதுமையால் இறந்தவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். அம்மை, கொள்ளைநோய், காய்ச்சல், குழந்தை இறப்பு ஆகியவற்றைத் தாண்டி முதுமை வரை வந்து சேர்ந்தவர்கள் அவ்வளவு குறைவு.

1825இல் பெஞ்சமின் கொம்பெர்ட்சு என்ற ஆயுள்காப்பீட்டுக் கணக்கர், வயது ஏற ஏற இறக்கும் வாய்ப்பு ஓர் ஒழுங்கோடு பெருகுவதைக் காட்டினார். நடுவயதுக்குப் பின் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. இந்த ஏற்றம் முடிவில்லாமல் போகுமா? 105 வயதைக் கடந்த 3,836 இத்தாலியரை ஆராய்ந்த ஒரு குழு 2018இல் வேறு விடை சொன்னது. அந்த வயதில் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியளவில் வந்து சமநிலை கொள்கிறது என்றார்கள். அதாவது ஒவ்வொரு பிறந்தநாளிலும் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போல. இதைக் கணக்குப் பிழை என்று மறுப்போரும் இருக்கிறார்கள்.

வார்டில் கிடந்தவர்கள்

முதியோரின் நோய் வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதை முறையாகச் சொன்னவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ. பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் முதிய பெண்கள் பெருந்தொகையாகத் தங்கியிருந்தார்கள். அவர்களைப் பார்த்து அவர் ஆற்றிய விரிவுரைகள் 1867இல் நூலாயின. இளைஞனுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் கொதிக்கும், இருமல் உலுக்கும். முதியவருக்கோ அது ஓசையின்றி வரும். சாப்பாடு வேண்டாம் என்பார், பேச்சில் தடுமாற்றம் இருக்கும். அவ்வளவுதான். வீட்டார் அதை 'வயதாகிவிட்டது' என்றே எடுத்துக்கொள்வார்கள்.

1935இல் இலண்டனுக்கு அருகில், ஏழைகள் இல்லம் ஒன்றின் 714 நோயாளிகள் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரின் பொறுப்பில் வந்தார்கள். குணமாகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த முதியவர்கள் அவர்களுள் பலர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, நோய்க்குத் தக்க மருத்துவம் தந்து, எழுப்பி நடக்கவைத்தார். பலர் வீடு திரும்பினார்கள். அதுவரை அவர்களைப் படுக்கையில் வைத்திருந்தது வயது மட்டும் அல்ல, பரிசோதிக்காமல் விட்டதும்தான்.

இந்தியாவில் இத்துறைக்குத் தொடக்கம் சென்னையில்தான். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பும் வந்தது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

நூறு வயதில் எந்த நோய்?

2001 முதல் 2010 வரை இங்கிலாந்தில் இறந்த, நூறு வயதைக் கடந்த 35,867 பேரின் சான்றிதழ்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 80 முதல் 84 வயதுக்குள் இறந்தவர்களோடு ஒப்பிட்டபோது தெளிவான மாற்றம் தெரிந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் இறந்தவர்களில் 24.5 விழுக்காட்டினருக்குக் காரணம் புற்றுநோய். நூறைக் கடந்தவர்களில் அது 4.4 விழுக்காடுதான். இதயத் தமனி நோய் 19 விழுக்காட்டிலிருந்து 8.6 ஆகக் குறைகிறது. நிமோனியாவோ 6 விழுக்காட்டிலிருந்து 17.7 ஆக ஏறுகிறது. 'முதுமை' என்ற காரணம் 0.9 விழுக்காட்டிலிருந்து 28.1 ஆகத் தாவுகிறது.

நிமோனியா ஏன் இப்படி முன்னுக்கு வருகிறது? வயதில் இருமும் ஆற்றல் குறைகிறது, விழுங்கும் தசைகள் தளர்கின்றன. அடிக்கடி புரையேறுகிறது. வாயிலுள்ள கிருமிகள் உணவோடும் எச்சிலோடும் மூச்சுக்குழலில் இறங்குகின்றன. எதிர்த்து நிற்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலும் சோர்ந்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி சரியாக விரிவதும் இல்லை. தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்தவர் ஒரு மாதத்தில் நிமோனியாவால் இறப்பது இதனால்தான். சான்றிதழில் நிமோனியா இருக்கும். கதையைத் தொடங்கி வைத்தது குளியலறைத் தரையாக இருக்கும். ஆங்கில மருத்துவ உலகில் இந்நோய்க்கு 'முதியோரின் நண்பன்' என்றொரு பெயர் உண்டு. அதிகத் துன்பமின்றி விரைவில் கொண்டுபோய்விடும் என்ற பொருளில் சொன்னது.

புற்றுநோய் குறைவதற்கு விளக்கம் இன்னும் முழுமையாகவில்லை. புற்றுநோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் அதற்கு முன்பே இறந்துவிடுவது ஒரு காரணம். மிக முதிய உடலில் உயிரணுக்கள் மெதுவாகப் பெருகுவது மற்றொன்று. நூறு வயதானவருக்கு யாரும் அவ்வளவாகப் பரிசோதனை செய்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

சான்றிதழை விட்டுவிட்டு உடலைப் பார்த்தால் படம் மாறுகிறது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், மருத்துவமனைக்கு வெளியே எதிர்பாராமல் இறந்த நூறு வயதைக் கடந்தோர் நாற்பது பேரின் பிணக்கூறாய்வு முடிவுகள் 2005இல் வெளியாயின. அவர்களுள் ஐந்தில் மூவர் இறக்கும் முன் நலமாக இருந்ததாகக் கூறப்பட்டவர்கள். ஆனால் நாற்பது உடல்களிலும் இறப்புக்குப் போதுமான உறுப்புக் கேடு இருந்தது. 68 விழுக்காட்டினருக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள். 25 விழுக்காட்டினருக்கு நுரையீரல் நோய்கள். முதுமை என்ற ஒன்றால் மட்டும் இறந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

அப்படியானால் இவர்கள் எப்படி நூறு வரை வந்தார்கள்? அமெரிக்காவின் பாஸ்டனில் தாமஸ் பெர்ல்ஸ் தலைமையில் நடக்கும் ஆய்வு 2003இல் ஒரு வகைப்பாட்டைத் தந்தது. எண்பது வயதுக்கு முன்பே பெருநோய் கண்டும் தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு வகை. எண்பதுக்குப் பின் நோய் கண்டவர்கள் இரண்டாம் வகை. நூறு வயது வரை பெருநோய் எதுவும் இல்லாதவர்கள் மூன்றாம் வகை. ஆண்களில் 32 விழுக்காட்டினரும் பெண்களில் 15 விழுக்காட்டினரும் மூன்றாம் வகையினர். நூறு வயதை எட்டுவோரில் பெண்களே மிகப் பலர். எட்டிய ஆண்களோ அவர்களைவிட நலமாக இருக்கிறார்கள். பெண் உடல் நோயைத் தாங்கிக்கொண்டு வாழ்கிறது, ஆண் உடலுக்கு அந்தத் தாங்கும் ஆற்றல் குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஹென்றிக்கே அம்மையாரின் உடல்

நெதர்லாந்தின் ஹென்றிக்கே வான் ஆண்டல்-சிப்பர் 1890 ஜூன் 29இல் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். எடை 1.6 கிலோதான். பிழைக்குமா என்று ஐயுற்ற அந்தக் குழந்தை உலகிலேயே மிக முதியவராக ஆனது. 82ஆம் வயதில் தம் உடலை அறிவியலுக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தார். 111ஆம் வயதில் பல்கலைக்கழகத்தைத் தொலைபேசியில் அழைத்து, 'இந்தக் கிழ உடல் இனியும் உங்களுக்குப் பயன்படுமா?' என்று கவலையோடு விசாரித்தார். பேராசிரியர்கள் மகிழ்ந்துபோய், உயிரோடிருக்கும்போதே சில சோதனைகளும் செய்யலாமா என்று கேட்டார்கள். 112, 113 வயதுகளில் நடந்த அறிவுத்திறன் சோதனைகளில் 60 முதல் 75 வயதினரின் சராசரியைவிட நன்றாகவே செய்தார். காற்பந்தாட்டத்தில் அயாக்ஸ் அணியின் தீவிர ஆதரவாளர் வேறு.

நூறாம் வயதில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டு மீண்டவர் அவர். 2005 ஆகஸ்ட் 30இல், 115ஆம் வயதில் இறந்தார். உடலை ஆராய்ந்தபோது தமனித் தடிப்பு மிகக் குறைவாக இருந்தது. மூளையில் மறதி நோய்க்கான அடையாளங்களும் அரிதாகவே காணப்பட்டன. இறப்புக்குக் காரணம் இரைப்பைப் புற்றுநோய். அவர் உறக்கத்தில் அமைதியாக இறந்த செய்தியைக் கேட்டவர்கள் முதுமை என்றே நினைத்திருப்பார்கள்.

அவரது இரத்தம் பற்றிய ஆய்வு 2014இல் வெளியானது. இளமையில் எலும்பு மச்சையில் பல்லாயிரம் தாய் உயிரணுக்கள் இரத்தத்தை உண்டாக்குகின்றன. அவரது இறுதிக் காலத்தில் வெள்ளணுக்களில் பெரும்பகுதி இரண்டே இரண்டு தாய் உயிரணுக்களின் வழிவந்தவையாக இருந்தன. மற்றவை ஓய்ந்துவிட்டிருக்க வேண்டும். நோய் என்று பெயரிட முடியாத, ஆனால் உயிருக்கு எல்லை வகுக்கக்கூடிய ஒரு தேய்மானம் இது. முதுமை ஒரு காரணமே அல்ல என்று அடித்துச் சொல்வோருக்கு இந்த முடிவு சற்றுத் தயக்கம் தரும்.

பெயர் மாறிய ஒரு நோய்

110 வயதைக் கடந்தவர்களின் பிணக்கூறாய்வுகள் மிகச் சிலவே நடந்துள்ளன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் கோல்ஸ் அத்தகைய ஆய்வுகளில் ஈடுபட்டு, அமிலாய்டு படிவு என்ற நோய் திரும்பத் திரும்பத் தென்படுவதைச் சுட்டிக்காட்டினார். கல்லீரல் உண்டாக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் தைராய்டு இயக்குநீரையும் வைட்டமின் 'ஏ'யையும் இரத்தத்தில் சுமந்து செல்கிறது. வயதாக ஆக அதன் மடிப்பு கலைந்து, இழைகளாகத் திரண்டு, இதயத் தசைக்குள் படிகிறது. இதயம் விறைத்துப்போகிறது. பின்லாந்தில் 85 வயதைக் கடந்தோரின் உடல்களை ஆராய்ந்தபோது நான்கில் ஒருவரிடம் இப்படிவு இருந்தது.

இந்நோயின் பழைய பெயரிலேயே 'முதுமைக்குரிய' என்ற அடைமொழி இருந்தது. வயதானால் வரும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் அப்பெயரோடு ஒட்டியிருந்தது. 2019இல் அப்புரதம் கலையாமல் காக்கும் தஃபாமிடிஸ் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எலும்பு ஸ்கேனைக் கொண்டே நோயைக் கண்டறியும் வழியும் வந்தது. இன்று அந்த அடைமொழி வழக்கொழிந்துவிட்டது. நேற்று வரை முதுமை என்று எழுதப்பட்டவற்றுள் ஒரு பங்கு இந்நோயாக இருந்திருக்கிறது.

சான்றிதழில் ஒரு சொல்

இங்கிலாந்தில் ஹரால்டு சிப்மன் என்ற மருத்துவர் தம் நோயாளிகளை வலிமருந்து ஊசியால் கொன்றுவந்தார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பதினைந்து கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். பின்னர் நடந்த விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டது. அவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். அவரைப் பிடித்துக்கொடுத்த வழக்கில் இறந்தவர் 81 வயதிலும் சுறுசுறுப்பாக நடமாடியவர். அவரது சான்றிதழில் சிப்மன் எழுதிய காரணம் 'முதுமை'.

தென்தமிழ்நாட்டின் சில பகுதிகளில் இருந்துவந்த தலைக்கூத்தல் என்னும் கொடிய வழக்கத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு உயிர் பிரியும். ஊரைப் பொறுத்தவரை அதுவும் வயதான சாவுதான்.

இங்கிலாந்தில் இன்று 'முதுமை' என்று மட்டும் எழுத வேண்டுமானால் இறந்தவர் எண்பது வயதைக் கடந்திருக்க வேண்டும். மருத்துவர் அவரை நெடுநாள் கவனித்து, படிப்படியான தளர்ச்சியைக் கண்டிருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் புலப்பட்டிருக்கக் கூடாது. 2021இல் 99 வயதில் இறந்த இளவரசர் பிலிப்புக்கும், 2022 செப்டம்பர் 8இல் 96 வயதில் இறந்த எலிசபெத் அரசிக்கும் சான்றிதழில் இருப்பது இந்தச் சொல்தான்.

சப்பானில் இதற்கு வேறொரு மதிப்பு இருக்கிறது. 1963இல் அங்கே நூறு வயதைக் கடந்தவர்கள் 153 பேர். 2024இல் 95,119 பேர். 2018 முதல் அந்நாட்டின் இறப்புக் காரணங்களில் மூன்றாம் இடம் முதுமைத் தளர்ச்சிக்கு. நூறு வயதானவரின் உடலில் குழாய்களைச் செருகி மருத்துவமனையில் வைத்திராமல் வீட்டிலோ இல்லத்திலோ அமைதியாகப் போகவிடுவதை அங்குள்ள குடும்பங்களும் மருத்துவர்களும் அதிகம் ஏற்கத் தொடங்கியிருப்பதும் இதற்கு ஒரு காரணம். நோயின் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மருத்துவம் செய்தாக வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் தரப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

உலக நலவாழ்வு அமைப்பு 2022 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் முதலில் 'முதுமை' என்றே ஒரு குறியீடு இருந்தது. பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. முதுமையை நோய்ப் பட்டியலில் சேர்த்தால் முதியோருக்கு மருத்துவம் மறுக்க அது சாக்காகும் என்றார்கள். கடைசி நேரத்தில் அச்சொல் நீக்கப்பட்டு, 'வயதோடு தொடர்புடைய உள்ளார்ந்த திறன் குறைவு' என்ற பொருள்படும் நீண்ட தொடர் இடம்பெற்றது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்திருக்கிறார். வீட்டில் இறந்தவருக்கு மருத்துவர் நிரப்ப வேண்டியது படிவம் 4ஏ. உடனடிக் காரணம், அதற்கு இட்டுச் சென்றது, அடிப்படைக் காரணம் என்று அதில் வரிசையாக இடம் விடப்பட்டிருக்கிறது. அங்கே 'முதுமை' என்று மட்டும் எழுதினால் பழைய பதிப்பின்படி அது ஆர்54 என்ற குறியீட்டைப் பெற்று, தெளிவற்ற காரணங்களுக்கான தொகுதியில் போய்ச் சேரும்.